நிலாவை அளந்த மூன்று ஊர்கள்



இந்த வார எபிசோடில் சூரியக் குடும்பத்தின் அளவுகளைப் பற்றிப் பேசினோம். நேரம் பத்தாமல் விட்டுப்போன கதை ஒன்று இருக்கு. நம்மில் பலர் குடியிருக்கும் நியூஜெர்சி, பே ஏரியா, டெக்சஸ் மூன்றுக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பூமி ஒரு பாஸ்கெட்பால் என்றால் நிலா ஒரு டென்னிஸ் பந்து. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடணும்? இரண்டடி, மூன்றடி என்றுதான் தோன்றும். உண்மையில் சுமார் 24 அடி! பூமியின் விட்டம் 12,742 கி.மீ.; நிலா இருப்பதோ சராசரியாக 3,84,400 கி.மீ. தள்ளி. இடையில் கிட்டத்தட்ட முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கலாம்.

நியூஜெர்சி, 1946

ஜனவரி 10. பெல்மார் பக்கத்தில் கேம்ப் எவன்ஸ் ராணுவ ஆய்வுக்கூடம். ஜான் டிவிட் குழுவினர் போர்க்கால ரேடார் ஒன்றை மாற்றியமைத்து நிலாவை நோக்கி ரேடியோ அலையை அனுப்பினார்கள். திட்டத்தின் பெயர் டயானா. ஆன்டெனாவை மேலே கீழே சாய்க்க முடியாது. அதனால் நிலா உதிக்கும்போதும் மறையும்போதும் மட்டும்தான் வாய்ப்பு. பூமி சுழலுது, நிலாவும் நகருது. திரும்பி வரும் அலையின் அதிர்வெண் இதனால் கொஞ்சம் மாறிவிடும். அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு ரிசீவரை ட்யூன் செய்தார்கள். இரண்டரை நொடியில் எதிரொலி வந்தது.

பே ஏரியா, 1969

அப்போலோ 11 வீரர்கள் ஜூலையில் நிலாவில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள். வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பி அனுப்பும் 100 கண்ணாடிப் பட்டகங்கள் அதில் இருக்கு. ஆகஸ்ட் 1 அன்று சான் ஹோசேக்குக் கிழக்கே, மவுண்ட் ஹாமில்டன் உச்சியில் இருக்கும் லிக் ஆய்வகம் லேசர் அடித்து முதல் பதிலை வாங்கியது. லேசர் நிலாவைத் தொடும்போது பல கி.மீ. அகலத்துக்கு விரிந்துவிடும். திரும்பி வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய ஃபோட்டான்கள்தான்.

டெக்சஸ், பல பத்தாண்டுகள்

எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். மேற்கு டெக்சஸில் ஃபோர்ட் டேவிஸ் அருகே உள்ள மெக்டொனால்டு ஆய்வகம் அதே 1969இல் தொடங்கி வருஷக்கணக்கில் சளைக்காமல் அளந்தது. இப்படித் தொடர்ந்து அளந்ததில்தான் ஒரு விஷயம் துல்லியமாகத் தெரிந்தது: நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. நம்மைவிட்டு விலகுது.

காரணம் கடல் ஓதம். நிலா இழுப்பதால் கடல் புடைக்கிறது. பூமி வேகமாகச் சுழல்வதால் அந்தப் புடைப்பு நிலாவுக்குச் சற்று முன்னால் நிற்கும். அது நிலாவை முன்னோக்கி இழுக்க, சுற்றுப்பாதை பெரிதாகும். பதிலுக்குப் பூமியின் சுழற்சி குறைந்து, நாள் மெல்ல நீளும்.

2024 ஏப்ரல் 8 அன்று டாலஸில் முழுச் சூரிய கிரகணம் பார்த்தீங்களா? சூரியன் நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு பெரிது. தூரமும் சுமார் 400 மடங்கு. அந்தப் பொருத்தத்தால்தான் கச்சிதமாக மூடுது. நிலா விலகிக்கொண்டே போனால் சுமார் 60 கோடி ஆண்டுகளில் முழுச் சூரிய கிரகணமே இருக்காது!

கதையில் நம்ம ஊருக்கும் இடம் உண்டு. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டரில், நாசாவின் 5 செ.மீ. பிரதிபலிப்பான் ஒன்று இருக்கு. 2023 டிசம்பர் 12 அன்று நிலாவைச் சுற்றும் நாசா கலம் அதன்மேல் லேசர் அடித்துப் பதில் வாங்கியது. இனி தென்துருவம் பக்கம் இறங்கும் கலங்களுக்கு அது ஒரு மைல்கல்லாக உதவும்.

கேம்ப் எவன்ஸ் இப்போது இன்ஃபோஏஜ் அருங்காட்சியகம். மெக்டொனால்டில் நட்சத்திரம் பார்க்கும் இரவுகள் நடத்துறாங்க. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்!