புத்தளக் கரையில் ஒரு பகல்

ஊரைப் பார்ப்பது வேறு. ஊரை அறிவது வேறு. முன்னதற்கு வாகனம் போதும். பின்னதற்கு ஓய்வு வேண்டும். கொழும்புக்கு வடக்கே சுமார் 130 கிலோமீற்றரிலுள்ள புத்தளத்தைக் கடந்து செல்வோர் பலர். அவ்வூருக்கென்றே வந்து இறங்குவோர் சிலர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரிய நண்பர்கள் நால்வருமாக அச்சிலரோடு நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

வெயில் ஏறுமுன் உப்பளத்தை அடைந்தோம். களப்பு நீர் பாத்திக்குப் பாத்தி மாறிச் செல்ல, வெயிலும் காற்றும் அதனைச் சுண்டவைக்கின்றன. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள. நீர் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகக் குறைந்த பின்னரே கறியுப்புப் படிகிறது. கசப்பான மக்னீசிய உப்புகள் எஞ்சிய நீரோடு அகற்றப்படுகின்றன. “மழை எல்லாருக்கும் வரம், சேர், எங்களுக்கு மட்டும் நட்டம்” என்றார் ஒரு தொழிலாளி. இரசாயனம் கற்பிக்கும் நண்பர் அதனைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நகரத் தெருக்களில் கழுதைகள் எவரையும் சட்டைசெய்யாது உலாவின. வந்தாரை வரவேற்பது இவ்வூருக்குப் பழகிய காரியம். 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ இப்புத்தளமே என்பர். அங்கே அவரைச் சந்தித்த ஆரியச் சக்கரவர்த்தி, பாரசீக மொழி அறிந்தவர். பாவாத மலையைத் தரிசிக்க விரும்பிய அவ்விருந்தினருக்குப் பல்லக்கும் துணையாட்களும் தந்து வழியனுப்பினார்.

பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைக் கண்டவாறே கற்பிட்டி சேர்ந்தோம். களப்பின் வாயிலையும் கண்டி இராச்சியத்திற்குச் செல்லும் வணிகத்தையும் தம் கைக்குள் வைத்திருக்க ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை அங்கே நிற்கிறது. எங்களை அதனினும் கவர்ந்தது, 1807இல் அவ்வூரிற் பிறந்த சைமன் காசிச்செட்டியின் நினைவே. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டி 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவர். இப்பெயரை நம் மாணவருள் எத்தனைபேர் அறிவர்?

மாலையில் புத்தளம் நகரை அடுத்த தில்லையடியில் தேநீர் அருந்த இறங்கினோம். தில்லை என்பது உவர்நீர்க் கரையில் வளரும் மரம். அதன் பால் கண்ணிற் பட்டால் எரியும். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரை அளித்ததும் அதுவே. கடைப் பெரியவரின் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சாக ஒலிக்கவே, ஊர் எதுவென வினவினோம்.

“சோனகத்தெரு, தம்பி. தொண்ணூறாம் ஆண்டு வந்தனாங்கள்.”

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அதே மாதம் 30ஆம் நாள் அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணிநேரம். தமிழ் பேசுவோர் தமிழ் பேசுவோரைத் துரத்திய அச்செய்தியை நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு மறையாது சொல்லவேண்டும். துரத்தப்பட்டோருட் பெரும்பாலோருக்குப் புகலளித்தது புத்தளம். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோப்புகளும் அவர்களுக்கு இடமளித்தன. பின்னர் நிலமும் குடிநீரும் வேலையும் போதாமற்போக, வந்தோருக்கும் இருந்தோருக்கும் இடையே மனக்கசப்பும் தோன்றியது. 2009இல் போர் முடிந்தபின் சிலர் வடக்கே மீண்டனர். பலர் இங்கேயே தங்கினர்.

பெரியவரின் பேரனிடம் அதே கேள்வியைக் கேட்டோம். “தில்லையடி” என்றான் சிறுவன், தயக்கமின்றி.

பெரியவர் முறுவலித்தார். “ரெண்டு பேரும் உண்மைதான் சொல்லுறம், தம்பி.”

திரும்பும் வழியில் நண்பர்களிடையே வாதம் எழுந்தது. அப்பெரியவர் சொந்த மண்ணுக்கு மீளவேண்டும் என்றார் ஒருவர். வேரூன்றிய இடத்தை விட்டு மீண்டும் பெயர்வது எதற்கு என்றார் மற்றவர். எங்களுக்குத் தோன்றியது இது: போவதா, இருப்பதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் அவர். போனால் யாழ்ப்பாணத்தில் அவருக்குக் காணியும் கடையும் அயலாரின் வரவேற்பும் கிடைக்க வேண்டும். தங்கினால் தில்லையடியில் அவர் இனியும் அகதி என்று அழைக்கப்படலாகாது. முன்னதற்கு யாழ்ப்பாணத்தவரும், பின்னதற்குப் புத்தளத்தவரும் பொறுப்பேற்றாலன்றி, அப்பெரியவர் தாமே முடிவுசெய்தார் என்று சொல்வதற்கில்லை.