வல்லாளருக்கு ஒரு திதி

இடைக்கால ஐரோப்பாவின் வேதசாட்சிக் கதைகளில் உடலுக்கே முதல் மரியாதை. உயிரோடு தோலுரிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் புனித பர்த்தலமேயுவின் எலும்புகளுக்கு ரோமும் பெனவெண்டோவும் போட்டி போட்டு உரிமை கொண்டாடின. திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளருக்கும் அதே கதிதான். 1342 வாக்கில் மதுரை சுல்தானிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். உரித்து, வைக்கோல் திணித்து, மதுரை மதிலில் தொங்கவிடப்பட்ட அவர் தோலைத் தானே பார்த்ததாகப் பயணி இபன் பதூதா எழுதுகிறார். ஆனால் அண்ணாமலையில் எலும்பை யாரும் தேடவில்லை; சடங்கைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையில்லாதவர் என்று தலபுராணம் சொல்லும் மன்னருக்கு மகனாக அண்ணாமலையாரே மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் திதி கொடுக்கிறார்.

போரில் பிடிபட்டு மாண்ட அரசர் எப்படி வேதசாட்சி ஆவார் என்று கேட்கலாம். ஆகமாட்டார்தான், சாவின் காரணம் வேறு. இங்கே ஒப்பிடுவது, சிதைக்கப்பட்ட உடலுக்கு ஊர் செய்யும் ஈடு. தலபுராண வல்லாளரும் சரித்திர வல்லாளரும் ஒருவர்தானா என்பது இன்னொரு கேள்வி. புராணம் பிள்ளைவரத்தைத்தான் விரிவாகப் பேசுகிறது. திருவிழாவோ போரையும் மறக்கவில்லை: தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்ததும், மன்னர் போரில் மாண்ட செய்தி வந்ததாகக் கொண்டு, மேளதாளத்தை நிறுத்திவிட்டே சுவாமியைக் கோயிலுக்கு அழைத்துவருகிறார்கள்.