எறும்பே உணவு

மைசூரு நகரத்துத் தோட்டங்களில் மாமரக் கிளைகளை உற்று நோக்குவோர், பச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்தது போன்ற கூடுகளைக் காணலாம். இவை முசுறு எனப்படும் செந்நிற எறும்புகளின் வீடுகள். எறும்பைக் கன்னடத்தில் 'இருவெ' என்பர். முசுற்றை மலைநாட்டுப் பகுதியில் 'சகளி' என்று அழைத்துத் துவையலும் அரைப்பர். சில எறும்புகள் இலை விளிம்புகளை இழுத்துப் பிடித்திருக்க, வேறு சில தம் இளம்புழுக்களைக் கவ்வி வந்து, அவற்றின் வாயில் சுரக்கும் பட்டிழையால் இலைகளை ஒட்டிவிடும்.

மனிதருக்குக் கடிக்கும் பூச்சியாகத் தெரியும் எறும்பு, சில உயிர்களுக்கு அன்றாட உணவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாக்குத் தோப்புகளில் வாழும் பறக்கும் ஓணான், மரத்தண்டில் ஒட்டியிருந்து, ஊர்ந்து செல்லும் எறும்புகளைப் பிடித்துண்ணும்.

இத்தகைய உயிரை வீட்டில் வளர்க்க விரும்பினால் என்ன நேரும்? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கொம்போணான் இதற்கு விடை கூறும். அதன் முதன்மை உணவு விதை சேர்க்கும் எறும்பு. எறும்பின் உடலில் செரிக்காத ஓடே மிகுதி. ஆகவே மிகப் பல எறும்புகளை உண்டாலன்றி அதன் பசி தீராது. அதற்கேற்பவே அதன் வயிறும் பெரியது. சென்ற நூற்றாண்டில் இவ்வோணான்களைச் செல்லப் பிராணிகளாகப் பெருமளவில் விற்றனர். வாங்கியோர் வேறு பூச்சிகளை இட்டனர். தட்டில் உணவு இருந்தும் அவற்றுள் பல மெலிந்து மடிந்தன.

இக்காலத்தில் இவற்றைப் பேணும் விலங்குக் காட்சிச்சாலைகள் உயிருள்ள எறும்பையே தருகின்றன. இப்பணி எளிதன்று. புற்றைத் தோண்டாமல், இரை தேடி வெளிவரும் எறும்புகளுள் ஒரு பகுதியை மட்டுமே எடுத்தல் வேண்டும். அரசி எறும்பு உள்ளே இருந்தால் கூட்டம் மீண்டும் பெருகும். கலத்தின் உள்விளிம்பில் முகப்பூச்சு மாவைப் பூசினால் எறும்பின் கால் வழுக்கும், வெளியேறாது. ஈரப்பஞ்சும் சிறிது உணவும் நிழலும் தேவை. ஓணான் உண்ணாது விட்ட எறும்புகளை இரவுக்குள் அகற்றிவிட வேண்டும். இல்லையேல் உறங்கும் ஓணானை எறும்புகள் கடித்துப் புண்ணாக்கும். இரையே வேட்டைக்காரனாகும் விந்தை இது!

ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கு 2009ஆம் ஆண்டு எறும்புதின்னிகளுக்கெனத் தனி இனப்பெருக்க மையம் தொடங்கப்பட்டது. அவற்றின் உணவிலும் முசுறு இடம்பெற்றது.

1892ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மைசூரு ஸ்ரீ சாமராஜேந்திர விலங்கியல் பூங்கா போன்ற இடங்களே காட்டு ஊர்வனவற்றைக் கண்டு மகிழ ஏற்றவை. உடும்பு முதலான உயிரினங்களைப் பிடிப்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். எறும்பை வளர்த்துப் பார்க்க அத்தகைய தடை இல்லை. கண்ணாடிக் கலமும் பொறுமையும் போதும்.