மக்காச்சோளத்தைக் காப்பாற்றும் வாயு!

அமெரிக்காவில் அயோவா மாநிலம். அக்டோபர் மாதம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மக்காச்சோள வயல்கள். கதிர் முற்றிவிட்டது. ஆனால் வானம் மூடிக் கிடக்கிறது. மழை தூறிக்கொண்டே இருக்கிறது.

விவசாயிக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என்ன?

சோள மணியில் ஈரம் 20 சதவீதம் இருக்கிறது. அப்படியே குதிரில் கொட்டினால் சூடு ஏறும். பூசணம் பூக்கும். ஒரு வருட உழைப்பு பாழாகும்!

வயலிலேயே காயட்டும் என்று விட்டால்? காற்றில் தட்டை சாயும், கதிர் உதிரும். பிறகு உறைபனி வந்துவிடும்.

நம் ஊரில் என்றால் களத்தில் பரப்பி வெயிலில் காய வைக்கலாம். அங்கே அந்த மாதத்து வெயிலை நம்ப முடியாது. நூற்றுக்கணக்கான ஏக்கர் விளைச்சலைப் பரப்பவும் இடம் ஏது?

அப்போது கைகொடுப்பதுதான் "புரோபேன்" என்ற வாயு.

அது என்ன வாயு?

நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் முக்கியமாக இரண்டு வாயுக்கள் உண்டு. ஒன்று புரோபேன். மற்றொன்று பியூட்டேன். கடுங்குளிரில் பியூட்டேன் திரவமாகவே தங்கிவிடும், எரியாது. புரோபேன் அப்படி அல்ல. பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி சென்டிகிரேடு வரை ஆவியாகும். அதனால்தான் குளிர் நாட்டு விவசாயிகள் இதை விரும்புகிறார்கள்.

1910-ல் வால்டர் ஸ்நெல்லிங் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர் பெட்ரோலிலிருந்து ஆவியாகிப் போகும் வாயுக்களை ஆராய்ந்தார். வீணாய்ப் போன அந்த ஆவியில் கிடைத்ததே புரோபேன்!

ஏக்கருக்கு 20 காலன்

வாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்குவார்கள். பெரிய மின்விசிறி அந்தச் சூடான காற்றைச் சோளத்துக்குள் செலுத்தும். ஈரம் 15 சதவீதத்துக்கு இறங்கினால் போதும். குளிர் காலம் முழுவதும் தானியம் கெடாது.

ஓர் ஏக்கரில் 200 புஷல், அதாவது சுமார் 5,000 கிலோ விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தை 20-லிருந்து 15 சதவீதமாகக் குறைக்கச் சுமார் 20 காலன் புரோபேன் தேவை. நம் கணக்கில் 75 லிட்டர்.

குஞ்சுக்குக் கதகதப்பு, களைக்குச் சூடு

கோழிப் பண்ணையிலும் இதற்கு வேலை உண்டு. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் வேண்டும். வெளியே பனி கொட்டினாலும், கொட்டகைக்குள் புரோபேன் அடுப்பு அந்தக் கதகதப்பைக் கொடுக்கும்.

களைக்கொல்லி மருந்து தெளிக்காத பண்ணைகளில், களைமீது ஓரிரு விநாடி சுவாலையைக் காட்டுவார்கள். களை எரிவதில்லை; இலைக்குள் இருக்கும் நீர் சூடாகி, வாடிச் சாகிறது. இளம் மக்காச்சோளப் பயிரின் குருத்து மண்ணுக்குள் இருப்பதால் அது மீண்டும் தழைத்துவிடும்!

டீசல் ஒழுகினால் மண்ணும் கிணற்று நீரும் கெடும். புரோபேன் ஆவியாகிப் போய்விடும். ஆனால் ஆபத்தே இல்லை என்று நினைக்கக் கூடாது. இது காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தங்கும், ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். கசிவு தெரிவதற்காகவே இதில் நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். தொட்டியையும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் வேண்டுமே!

2013-ல் நடந்தது

2013-ம் ஆண்டு அறுவடை தாமதமாயிற்று. சோளத்தில் ஈரம் அதிகம். எல்லாரும் ஒரே சமயத்தில் வாயு கேட்டார்கள். கையிருப்பு கரைந்தது. உடனே கொடிய குளிரும் வந்தது. வீடுகளுக்கும் கோழிக் கொட்டகைகளுக்கும் அதே வாயுதான்! இலையுதிர் காலத்தில் காலன் 2 டாலருக்கும் குறைவாக இருந்த விலை, 2014 ஜனவரிக் கடைசியில் 4 டாலரைத் தாண்டியது.

கோடையிலேயே தொட்டியை நிரப்பி வைத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் தவித்தார்கள்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் பழமொழி. வெயில் உள்ளபோதே தொட்டியை நிரப்பிக்கொள் என்பது அயோவா விவசாயி கற்ற பாடம்!