உஷார்! கணக்குக் கேட்டால் ‘தெய்வக் குத்தம்’ என்கிறார்களா?

பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்தில் கோயில் கமிட்டி, திருச்சபை, ஜமாத், பஜனை சங்கம் என்று எதில் இருந்தாலும் சரி, அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

கும்பாபிஷேக வசூல் நடக்கிறது. ரசீது புத்தகம் எத்தனை அச்சடித்தோம், எத்தனை திரும்பி வந்தது என்று ஒருவர் எழுந்து கேட்கிறார். “சாமி காரியத்துல கணக்குக் கேக்கறது தெய்வக் குத்தமுங்க” என்று ஒரு குரல். நாலு பேர் தலையாட்ட, கேட்டவர் உட்கார்ந்துவிடுகிறார். ஆபத்து அங்கேயே ஆரம்பம்! ரசீதைப் பற்றிக் கேட்டவரின் பக்தியையே சந்தேகித்தாகிவிட்டது. அடுத்த மாதம் அவர் கோயிலுக்கு விரோதி. அதற்கடுத்த மாதம் ஊர் இரண்டு.

பதவிக்குச் சண்டை போடுகிறவர் ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுத்துவிடுவார். சாமிக்காகத்தான் போடுகிறேன் என்று மனசார நம்புகிறவர் விடவே மாட்டார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலைப் பாருங்கள். அங்குள்ள வடகலை, தென்கலை என்ற இரு வைணவத் தரப்புக்கும் ராமானுஜர்தான் ஆசாரியர். பாடுவதும் அதே ஆழ்வார் பாசுரம். யார் முன்னால் நின்று பாடுவது என்பதில் 1882இலேயே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2022இலும் அதே வழக்கு! பெருமாள் புறப்பாட்டிலேயே கைகலப்பு. தென்னிந்தியத் திருச்சபையில் தலைமைத் தேர்தல் தகராறு முற்றி, 2024இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாக நியமித்து உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்த மதமும் இதற்கு விலக்கில்லை.

இப்போதே செய்ய வேண்டியவை:

வரவு செலவை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். உண்டியல் சாவி ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். எண்ணும்போது இரு தரப்பும் உட்காரட்டும். பதிவு பெற்ற சங்கமென்றால், 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கு வைத்தே ஆக வேண்டும். பரிவட்டம், முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறா? அதைத் தீர்க்க அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் வழியிருக்கிறது. இணை ஆணையரிடம் மனு கொடுங்கள். தேர் வீதியில் தீர்க்கப் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி கேட்டவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள். “அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்று நீங்களும் எழுந்து நில்லுங்கள். ஊர் இரண்டுபட்ட பிறகு எழுந்தால், உங்களையும் ஏதோ ஒரு பக்கத்து ஆளாகத்தான் பார்ப்பார்கள்.