தட்டப்படாத கதவு

கரக் சிங் உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சாட்சியம் இல்லாததால் விடுவிக்கப்பட்டார். வழக்கு முடிந்தும் போலீஸ் அவரை விடவில்லை. ரவுடிப் பட்டியல் போன்ற ‘ஹிஸ்டரி ஷீட்’ ஒன்றை அவர் பெயரில் திறந்தது. இரவில் ஊர்க் காவலாளியும் போலீஸ்காரர்களும் வந்து கதவைத் தட்டிக் கூச்சலிடுவார்கள், தூக்கத்திலிருந்து எழுப்புவார்கள், வெளியூர் போவதென்றால் காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் அவர் முறையிட்டார்.

1962 டிசம்பர் 18 அன்று 6 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். இரவில் வீடு தேடி வருவது செல்லாது என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் அந்தரங்கம் என்பது அரசியலமைப்பு உறுதியளித்த உரிமை அல்ல என்றனர் நால்வர். கே. சுப்பாராவும் ஜே.சி. ஷாவும் அதை ஏற்கவில்லை. எங்கே போனாலும் நிழல்போல ஒருவர் பின்தொடர்ந்தால் அந்த நடமாட்டத்தைச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது என்பது சுப்பாராவின் வாதம். அந்த வாதம் வெல்ல 55 ஆண்டுகள் பிடித்தன. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒரே குரலில் கூறினர்.

இதற்குள் கண்காணிப்பு சத்தமில்லாததாகிவிட்டது. கரக் சிங்குக்குக் கதவு தட்டப்படும் ஓசையாவது கேட்டது; அதனால்தான் அவரால் நீதிமன்றம் போக முடிந்தது. தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படுபவருக்கு அது தெரியவே தெரியாது. பிறகும் யாரும் தெரிவிப்பதில்லை.

ஒட்டுக்கேட்க 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமே நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. பொது நெருக்கடி அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு, இந்த இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும் என்று அது நிபந்தனை விதித்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் மேலும் சில கட்டுப்பாடுகளைச் சேர்த்தது; 2007இல் அவை விதிகளாயின. உள்துறைச் செயலர் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். உத்தரவு 60 நாள் செல்லும்; எவ்வளவு நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. ஒரு குழு அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

அந்தக் குழுவில்தான் ஓட்டை. மத்தியில் அமைச்சரவைச் செயலரும், மாநிலத்தில் தலைமைச் செயலரும் அதற்குத் தலைவர்கள். உத்தரவிடுபவரும் அரசு அதிகாரி, சரிபார்ப்பவரும் அரசு அதிகாரி. நீதிபதி எந்தக் கட்டத்திலும் இல்லை. தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. அது ஒரு லஞ்ச வழக்கு. லஞ்சம் எவ்வளவு பெரிய குற்றமானாலும் அதைப் பொது நெருக்கடியாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கருதியது. பதிவுகள் உரிய காலத்தில் மறுபரிசீலனைக் குழுவுக்குப் போகவில்லை என்பதும் வெளிப்பட்டது. வழக்கு என்று ஒன்று இருந்ததால் இவ்வளவும் வெளியே வந்தது. வழக்கே போடப்படாதவர்களின் நிலை வேறு. தேவைப்படாத ஒட்டுக்கேட்பு ஆவணங்களை 6 மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்பது விதி. பேச்சு வெளியே கசியாமல் இருக்கத்தான் அந்த விதி. பேச்சோடு, ஒட்டுக்கேட்டதற்கான தடயமும் அதில் அழிந்துபோகிறது.