தொழுநோய் 2027: பட்டியலில் பெயர் இல்லை, விரலில் உணர்ச்சியும் இல்லை

தொழுநோய் பரவுவதை 2027க்குள் நிறுத்திவிடுவதாக மத்திய அரசு கெடு வைத்திருக்கிறது. "2005லேயே ஒழிந்துவிட்டது என்றார்களே, மறுபடி எதற்கு இந்தக் கெடு?" என்று காரைக்கால் பக்கத்து வாசகர்கள் எழுதுகிறார்கள். "மாத்திரை முடிந்து குணமாகிவிட்டது என்றார்கள், இப்போது சுண்டுவிரல் மடங்குகிறதே?" என்பது இன்னொரு கேள்வி.

2005இல் ஒழிந்தது எது?

10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்றால் 'பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக' நோய் ஒழிந்துவிட்டது. இதுதான் அரசு பிடித்துக்கொண்ட அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்ட மக்கள்தொகை 2 லட்சம். இங்கே 19 பேர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அந்தக் கணக்கில் ஒழிந்ததுதான். பதிவேட்டில் இருப்பவர்கள் அன்றைய தேதியில் சிகிச்சையில் உள்ளவர்கள் மட்டுமே. சிகிச்சைக் காலத்தைச் சுருக்கினால் எண்ணிக்கை இறங்கும். நோயாளிகளைத் தேடிப் போகாவிட்டாலும் இறங்கும். 2023இல் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்ட சுமார் 1.83 லட்சம் பேரில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான்.

கிருமி செத்தபின் நரம்பு ஏன் கெடுகிறது?

தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ச்சியான இடங்கள்தான் தோது. அதனால் தோலையொட்டி ஓடும் நரம்புகளில் தங்குகிறது. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீர் என்கிறதே, அந்த நரம்பு முக்கியமானது. அது கெட்டால் சுண்டுவிரல் மடங்கும்.

நரம்பைக் கெடுப்பது கிருமி மட்டும்தானா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லலிதா ராமகிருஷ்ணன் (சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை) அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, உடல் ஊடுருவித் தெரியும் ஸீப்ரா மீன் குஞ்சுகளில் இதைப் பார்த்தார். 2017இல் வெளியான முடிவு திடுக்கிட வைப்பது. ஆக்சான்கள் எனப்படும் நரம்பிழைகளின் மேல் ஊர்ந்து திரியும் விழுங்கணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. கிருமியின் உறையிலுள்ள பிஜிஎல்-1 என்ற கொழுப்புப் பொருள் அவற்றைத் தூண்ட, நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. ஆக்சானுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா அதில் சேதமாகிறது. அதைச் சுற்றியுள்ள மையலின் உறையும் சிதைகிறது. மீனுக்கு நோய் தரும் வேறொரு கிருமியில் அதே பொருளை ஏற்றிவிட்டபோது, அதுவும் நரம்பைக் கெடுத்தது. திருடனைச் சுட்ட காவல்காரன் வீட்டுக்காரரையும் சுட்டுவிடுகிறான்.

மீனில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. ஆனால் மருத்துவர்கள் தினமும் காண்பதோடு இது ஒத்துப்போகிறது. கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். செத்த கிருமியின் துணுக்குகள் உடலில் தங்கும். அவற்றுக்கு எதிராகவும் நோய் எதிர்ப்புச் சக்தி சீறலாம். 'ரியாக்‌ஷன்' எனப்படும் இந்த அழற்சி சிகிச்சை முடிந்த பிறகும் வரக்கூடும். நரம்பைக் காக்க அப்போது தேவைப்படுவது ஸ்டீராய்டு, அதுவும் தாமதமில்லாமல். 2027 கெடுவோ புதிதாகத் தொற்றுவதைப் பற்றியது. ஏற்கெனவே மரத்துப்போன கைகால்களைப் பற்றியது அல்ல.

தொட்டால் ஒட்டுமா?
ஒட்டாது. சிகிச்சை பெறாதவரோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால்தான் வாய்ப்பு.

தேமல் எல்லாம் தொழுநோயா?
இல்லை. தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் என்றால் காட்டுங்கள்.

மருந்துக்குக் காசு?
அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

தோல் கறுக்கிறதே?
கூட்டு மருந்திலுள்ள குளோஃபசிமினால். நிறுத்தியபின் மெல்ல மறையும்.

விரல் தானாக அழுகி விழுமா?
விழாது. விரல் குறைவதற்கு வலி தெரியாமல் பட்ட காயங்களே காரணம். வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் காட்டியது இது.

மாத்திரை முடிந்தவர் எப்போது திரும்பப் போகவேண்டும்?
கால் செருப்பு கழன்றது தெரியாவிட்டால், சட்டைப் பொத்தான் போட விரல் மறுத்தால், அன்றைக்கே.